பாட்டு என்ன செய்யும்?

பாட்டு என்றால் குரல் இனிமையாக இருக்க வேண்டும், சுருதி சுத்தமாக இருக்க வேண்டும், பக்கவாத்தியம் கூட இருக்க வேண்டும், பாடுகிறவர் பல வருஷகாலம் ஒரு குருவினிடத்தில் கைகட்டி நின்று பயின்றவராக இருக்க வேண்டும், கேட்கிறவருக்கும் அதை அனுபவிக்கத்தக்க “ஞானம்” இருக்க வேண்டும் என்பதாக வெகு காலமாக நமக்குச் சொல்லப்பட்டு வருகிறது. இவ்வளவும் இருந்து, பாட்டின் அர்த்தம் மாத்திரம் ஒருவருக்கும் விளங்காமற் போனாலும் பாதகமில்லை என்றும் சொல்லப்படுகிறது. தலையை ஆட்டினால் போதும். எதற்காக ஆட்டுகிறோம் என்று கேட்கக்கூடாது.

இந்த யோக்கியதைகளில் ஒன்றுகூட இல்லாத ஓர் இசைத்தட்டை நாம் சென்ற வாரம் மூன்று தடவை கேட்டோம். கேட்ட பிறகு, நமது வாசகர்களுக்கும் அதைப்பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டுமென்று தோன்றிற்று.

அது இங்கிலாந்து தேசத்துப் பாடகராகிய தோழர் பில்லி பிராக் என்பவருடைய முதல் இசைத்தட்டு. 1983-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் வெளிவந்தது. “லைஃப்ஸ் எ ரயட் வித் ஸ்பை வெர்ஸஸ் ஸ்பை” என்பது அதன் பெயர். பெயர்தான் நீளமே தவிர சரக்கு நீளமில்லை. மொத்தம் 7 பாட்டுகள்; எல்லாம் சேர்ந்து 16 நிமிஷத்துக்குள் முடிந்து போகின்றன. அடுப்பில் உலையை வைத்துவிட்டுக் கேட்க உட்கார்ந்தால், சோறு வடிப்பதற்குள் இசைத்தட்டு முடிந்துவிடும். மத்தளம் கிடையாது, கூடப் பாடுவோர் கிடையாது. ஓர் ஆள், ஒரு மின்சாரக் கித்தார், ஒரு தொண்டை, இவ்வளவுதான் கச்சேரி. குரல் என்பது கடவுள் கொடுத்த வரம் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. இவருக்குக் கொடுத்திருப்பதைப் பார்த்தால், அன்றைக்குக் கடவுளின் கை மிகவும் இறுகிப் போயிருந்ததாகத்தான் தெரிகிறது.

கூட இருந்து கேட்ட தோழர் ஒருவர், முதல் பாட்டு முடிந்ததும், “என்னங்க இது, சந்தையில் தகரத்தைத் தட்டிக்கொண்டு சாமான் விற்கிறவன் கூவுகிற மாதிரி இருக்கிறதே!” என்றார். நமக்கும் முதல் தடவை அப்படித்தான் இருந்தது. நாம் காலேஜில் இங்கிலீஷ் படித்தவர்களல்ல. பழைய பத்திரிகையையும் அகராதியையும் வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிக் கற்றவர்கள். இவரோ பிரபுக்களின் இங்கிலீஷில் பாடவில்லை. லண்டனுக்குக் கிழக்கே தொழிலாளர்கள் நிறைந்த பார்க்கிங் என்னும் தமது ஊரில் எப்படிப் பேசுவார்களோ அப்படியே பாடுகிறார். ஆகையால் இரண்டாந் தடவை வார்த்தைகளை எழுதி முன்னால் வைத்துக்கொண்டு கேட்டோம். மூன்றாந் தடவை, குரல் நன்றாயிருக்கிறதா இல்லையா என்கிற கேள்வியே நமக்கு மறந்து போய்விட்டது. சொல்லுகிற சங்கதிதான் காதில் விழுந்தது. சந்தைக்காரனுடைய குரலில் என்ன குற்றம்? சரக்கு இன்னது, விலை இன்னது என்று கடைசி வரிசையில் நிற்கிறவனுக்கும் விளங்கும்படி அவன் சொல்லுகிறான். எத்தனை வித்வான்களைப்பற்றி இப்படிச் சொல்ல முடியும்?

இந்த மாதிரிப் பாட்டுக்கு “ஃபோக் பங்க்” என்று பெயர் சொல்லுகிறார்கள். ஃபோக் என்பது அந்த நாட்டுக் குடியானவனும் தொழிலாளியும் வழிவழியாகப் பாடி வந்த நாட்டுப்பாட்டு. பங்க் என்பது 1976, 1977-ஆம் வருஷங்களில் அங்கே வாலிபர்கள் கிளப்பிய ஒரு முரட்டுச் சங்கீதம். வித்வானாகிய பிறகுதான் மேடை ஏற வேண்டுமென்பதில்லை; இரண்டு மூன்று ஸ்வரக்கூட்டு வாசிக்கத் தெரிந்து, சொல்லுவதற்கு ஒரு விஷயமும் இருந்தால் இன்றைக்கே ஏறு என்பதுதான் அதன் கொள்கை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கட்டி, தனி ஆளாக நின்று பாடியவர்களுள் முக்கியமானவர் இந்தத் தோழர்.

இவர் 1957-ஆம் வருஷம் பிறந்தவர். அண்டை வீட்டு நண்பர் ஒருவருடன் சேர்ந்து கித்தார் கற்றார். 1977-இல் நண்பர்களோடு “ரிஃப் ராஃப்” என்று ஒரு கோஷ்டி ஆரம்பித்தார். அது பெயரெடுக்காமலே கலைந்தது. வேறு வழி தெரியாமல் 1981-இல் பட்டாளத்தில் சேர்ந்தார். மூன்றே மாதத்தில் இது நமக்கு ஏற்ற இடமில்லை என்று கண்டு, 175 பவுண்டு பணத்தைக் கட்டித் தம்மைத் தாமே விடுவித்துக்கொண்டு வெளியே வந்தார். நம்மைக் கேட்டால், அவர் வாழ்நாளில் செய்த வியாபாரங்களில் இதுதான் சிறந்த வியாபாரம் என்போம். பாட்டுக் கம்பெனிக்குள் நுழைய வழியில்லாதபோது, டெலிவிஷன் ரிப்பேர் செய்ய வந்தவன் என்று சொல்லி உள்ளே போய் அங்குள்ள அதிகாரியைப் பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். கடைசியில் மூன்று பிற்பகல்களில் 7 பாட்டுகளையும் பாடி முடித்தார்.

இது நிற்க. இந்த இசைத்தட்டின் உறையிலேயே ஒரு சங்கதி அச்சிடப்பட்டிருந்தது. அதாவது, இதற்கு 2 பவுண்டு 99 பென்ஸுக்கு மேல் யாரும் கொடுக்க வேண்டாம் என்பது. அக்காலத்தில் சாதாரணமாக ஒரு முழு இசைத்தட்டு விற்ற விலைக்கு இது குறைவு. இதில் என்ன அதிசயம் என்று சிலர் கேட்கலாம். விற்கிறவன், “இதற்குக் குறைத்துக் கொடுக்க மாட்டேன்” என்று எழுதி வைப்பதுதான் உலக வழக்கம். “இதற்கு மேல் கொடுத்து ஏமாறாதே” என்று வாங்குகிறவன் பக்கத்தில் நின்று எழுதி வைத்த வியாபாரியை நாம் அதிகம் பார்த்ததில்லை. இதுவும் ஒரு வியாபாரத் தந்திரம்தானே என்றால், இருக்கட்டும். ஆனால் எல்லாத் தந்திரங்களும் ஏழையின் பையிலிருந்து எடுப்பதற்காகவே செய்யப்படுகிற உலகத்தில், பையில் நாலு காசு மிச்சம் வைக்கிற தந்திரம் ஒன்று இருந்தால் அதை நாம் குற்றம் சொல்லப் போவதில்லை. வேலையில்லாதவனைப்பற்றிப் பாட்டுப் பாடி, அந்தப் பாட்டை வேலையில்லாதவன் வாங்க முடியாத விலைக்கு விற்கிறவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

இவருடைய பாட்டு ரேடியோவில் ஏறிய கதையையும் சொல்லிவிடுகிறோம். அக்காலத்தில் பி.பி.சி. ரேடியோவில் ஜான் பீல் என்பவர் புதுப் பாடகர்களின் தட்டுகளைப் போட்டு வந்தார். ஒரு நாள் அவர், பசிக்கிறது, யாராவது காளான் பிரியாணி கொண்டுவந்தால் தேவலை என்று ரேடியோவிலேயே சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டிருந்த நமது தோழர் பிரியாணியையும் தமது இசைத்தட்டையும் எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கொடுத்தார். பீலும் ஒரு பாட்டைப் போட்டார். ஆனால் நிமிஷத்துக்கு 45 சுற்று சுற்ற வேண்டிய தட்டை 33 சுற்றில் போட்டுவிட்டார்! பிரியாணி வராவிட்டாலும் இந்தப் பாட்டைப் போட்டுத்தான் இருப்பேன் என்று அவர் பிற்பாடு சொன்னார். எப்படியோ, கடவுளுக்குப் படைத்தால் கடவுள் சாப்பிடுவதுமில்லை, கேட்டதைக் கொடுப்பதுமில்லை. ரேடியோக்காரருக்குப் படைத்ததில் அவர் சாப்பிடவும் சாப்பிட்டார், பாட்டையும் போட்டார். 1984-ஆம் வருஷம் ஜனவரியில் இந்தத் தட்டு இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் 30-ஆவது இடத்துக்கு வந்தது.

இனி, பாட்டுகளில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

பாதிக்கு மேல் காதற்பாட்டுகள். இதை நாம் மறைக்கப் போவதில்லை. மற்றவற்றில் ஒன்று “டு ஹாவ் அண்டு டு ஹாவ் நாட்” என்பது. இருக்கிறவன், இல்லாதவன் என்பதைப்பற்றியது. பள்ளிக்கூடத்தார் சொன்னபடியெல்லாம் கேட்டு, பரீட்சையும் தேறி வெளியே வந்த பிள்ளைக்கு வேலை இல்லை. ஏன் இல்லை என்று யாரும் சொல்லுவதுமில்லை. இங்கிலாந்தில் 1982-ஆம் வருஷத் துவக்கத்திலேயே வேலையில்லாதவர்கள் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டிவிட்டது. தாட்சர் அம்மையாரின் ஆட்சி நடந்த காலம் அது. உழைக்கிறவனுக்கு வேலை உண்டு, சோம்பேறிக்குத்தான் இல்லை என்று பெரிய மனிதர்கள் உபதேசம் செய்தார்கள். நாம் கேட்கிறோம்: முந்திய சில வருஷங்கள் வரையில் சுறுசுறுப்பாக இருந்த ஜனங்களில் இத்தனை லட்சம் பேர் திடீரென்று ஒன்றாகச் சோம்பேறிகளாகிவிட்டார்களா? அல்லது, எல்லாம் அவனவன் தலையெழுத்து என்று சொல்லுவதானால், 30 லட்சம் தலைகளில் ஒரே சமயத்தில் ஒரே எழுத்தை எழுதிய கை எது? ஆலையை மூடுவதென்று முடிவு செய்தது ஒரு மனிதன். மூடினால் மூடட்டும் என்று சட்டம் செய்ததும் மனிதர்கள். மனிதன் செய்த காரியத்துக்கு விதி என்று பெயர் வைத்துவிட்டால், பிறகு அதை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் அல்லவா? இந்தப் பாட்டு செய்கிற ஒரே காரியம், கேள்வி கேட்பதுதான். அதுவும் மேடைப் பிரசங்கியின் குரலில் அல்ல. வேலை கிடைக்காமல் திரும்பி வருகிற பையனின் குரலில்.

கடைசிப் பாட்டாகிய “தி பிஸி கேர்ள் பைஸ் பியூட்டி” பெண்மக்களைப்பற்றியது. நீ அழகாயில்லை என்று ஒரு பெண்ணை முதலில் நம்ப வைத்து, பிறகு அழகை டப்பியில் அடைத்து அவளிடமே விற்கிற பத்திரிகைகளையும் கம்பெனிகளையும் பற்றி அது பேசுகிறது. நாள் முழுதும் உழைத்துச் சம்பாதித்த பணத்தை, தன்னைக் கேவலப்படுத்தியவனிடமே அவள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கிறது. பெண்ணைப் பெருமைப்படுத்துகிறோம் என்று சொல்லி அவளை அலங்காரப் பொம்மையாக்குவது எந்த நாட்டிலும் நடக்கிற காரியந்தான் என்பது இதைக் கேட்டால் விளங்கும்.

ஆனால் எல்லாவற்றிலும் பிரசித்தியான பாட்டு “எ நியூ இங்கிலாண்டு” என்பது. கர்ஸ்டி மக்கோல் என்ற பாடகி இதைப் பாடி, 1985-ஆம் வருஷத்தில் அது 7-ஆவது இடம் வரையில் போயிற்று. இதிலேதான் ஒரு சங்கடம் இருக்கிறது. சமுதாயத்தைப்பற்றிப் பாடுகிறவர் என்று பெயரெடுத்த இந்த மனிதர், இந்தப் பாட்டில், உலகத்தை மாற்றுவதில் தமக்கு நாட்டமில்லை, தமக்குத் தேவை வேறொரு பெண்ணின் அன்புதான் என்கிறார்! நமது தோழர் இதைக் கேட்டதும், “பார்த்தீர்களா, கடைசியில் இவ்வளவுதான் இவருடைய வீரம்!” என்று சிரித்தார்.

நாம் அப்படிக் கருதவில்லை. மேடை ஏறின உடனே, “உலகத்தைப் புரட்டிப் போட வந்திருக்கிறேன்” என்று சொல்லுகிறவர்களை நாம் எவ்வளவோ பார்த்தாயிற்று. புரட்டிப் போட்டதெல்லாம் கேட்க வந்தவர்களைத்தான். பாட்டு எழுதிய வாலிபனுக்கு அன்றைக்கு மனதில் இருந்தது காதல் துயரம். அதை அவன் ஒளிக்கவில்லை. தன்னிடத்தில் இல்லாத வீரத்தை இருப்பதாகச் சொல்லாமலிருப்பதும் ஒரு வீரம்தான். அன்றியும், வேலையில்லாதவனுக்கும் காதல் உண்டு, சோர்வு உண்டு, வெட்கம் உண்டு. அவனைக் கோஷம் போடுகிற இயந்திரமாக மாத்திரம் காட்டுகிற பாட்டு அவனுக்கு மரியாதை செய்கிற பாட்டாகாது. சுயமரியாதை என்பது மனிதனை முழு மனிதனாகப் பார்ப்பதில்தான் இருக்கிறது.

சரி, அப்படியானால் பாட்டு உலகத்தை மாற்றுமா, மாற்றாதா? இதற்குப் பதில் இந்தத் தோழருடைய வாழ்க்கையிலேயே இருக்கிறது.

1976-ஆம் வருஷம், எரிக் கிளாப்டன் என்ற பெரிய கித்தார் வித்வான், கறுப்பருடைய சங்கீதத்தை வாசித்தே பணமும் புகழும் சம்பாதித்தவர், பர்மிங்காம் நகரத்து மேடையில் நின்றுகொண்டு, வெளிநாட்டவர்களைத் துரத்த வேண்டுமென்ற கட்சிக்காரரான ஈனாக் பவலை ஆதரித்துப் பேசினார். இதைக் கண்டித்துப் பிறந்ததே “ராக் அகெய்ன்ஸ்ட் ரேஸிஸம்” என்னும் இயக்கம். 1978-ஆம் வருஷம் ஏப்ரல் 30-ந் தேதி லண்டன் விக்டோரியா பார்க்கில் அவ்வியக்கத்தார் ஒரு மாபெரும் கூட்டம் நடத்தினார்கள். “தி கிளாஷ்” என்ற கோஷ்டியின் பாட்டைக் கேட்பதற்காக 20 வயது வாலிபராக பில்லி பிராக் அங்கே போனார். அதுவரையில் அவர், வேலை செய்த இடத்தில் மற்றவர்கள் கறுப்பரைப்பற்றிக் கேவலமாகப் பேசும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருந்தவர்.

அங்கே டாம் ராபின்ஸன் என்பவர், ஆணை நேசிக்கும் ஆண்களைப்பற்றிய ஒரு பாட்டைப் பாடினார். சுற்றி நின்ற ஆண்கள் பலர் ஒருவரையொருவர் முத்தமிட்டுக்கொண்டார்கள். பிராக் திகைத்துப் போனார். கறுப்பருக்காக நடக்கிற கூட்டத்தில் இவர்களுக்கு என்ன வேலை என்று முதலில் நினைத்தார். பிறகுதான் விஷயம் விளங்கிற்று: கறுப்பனை இழிவுபடுத்துகிறவன் அவனோடு நிற்க மாட்டான், தன்னைப் போல் இல்லாத ஒவ்வொருவனையும் அப்படித்தான் செய்வான், ஆகவே இழிவுபடுத்தப்படுகிறவர்கள் எல்லோரும் ஒரு பக்கந்தான். மறுபடி வேலைக்குத் திரும்பினபோது, தாம் தனி ஆளில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இதைப்பற்றி அவர் பிற்காலத்தில் பல தடவை சொல்லியிருக்கும் ஒரு விஷயத்தைத்தான் வாசகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அதாவது, அன்றைக்குத் தம்மை மாற்றியது மேடையில் பாடினவர்களல்ல; கூட நின்று கேட்ட ஜனக்கூட்டந்தான் என்பது. ஒரு பாடகன் தன் வாயால் இதைச் சொல்லுவது சாதாரணமான காரியமல்ல. புரோகிதன், பூசையில் ஒன்றுமில்லை, நீங்கள் ஒன்றாகக் கூடினதுதான் விசேஷம் என்று சொல்லுவது எவ்வளவு கஷ்டமோ அவ்வளவு கஷ்டம்.

பிற்கால அனுபவமும் இதையே காட்டுகிறது. 1984 மார்ச் முதல் 1985 மார்ச் வரையில் இங்கிலாந்துச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுடைய நிதிக்காக ஊர் ஊராகப் போய்ப் பாடினார். வேலைநிறுத்தம் தோற்றது. 1985 நவம்பரில் மற்றப் பாடகர்களுடன் சேர்ந்து “ரெட் வெட்ஜ்” என்று ஒரு சங்கம் ஏற்படுத்தித் தொழிற்கட்சிக்காகப் பாடினார். 1987-ஆம் வருஷத் தேர்தலில் தொழிற்கட்சியும் தோற்றது. பாட்டினாலேயே கோட்டை விழும் என்பது உண்மையானால், இவை நடந்திருக்கக் கூடாது. மந்திரத்தால் மாங்காய் விழாது என்று சொல்லுகிற நாம், பாட்டால் மாத்திரம் விழும் என்று எப்படிச் சொல்லுவது?

ஆனால் 2006-ஆம் வருஷத்தில் இவருடைய சொந்த ஊராகிய பார்க்கிங்-டாகன்ஹாம் நகரசபையில், இனவெறிக் கட்சியாகிய பிரிட்டிஷ் நேஷனல் பார்ட்டி 12 ஸ்தானங்களைப் பிடித்தது. 2010-இல் அக்கட்சியின் தலைவரே பார்க்கிங்கில் பார்லிமெண்டுக்கு நின்றார். பல ஊர்த் தொண்டர்கள் வந்து வீடு வீடாகக் கதவைத் தட்டி, ஓட்டர்களோடு பேசி வேலை செய்தார்கள். எதிர்ப்பிரசாரத்துக்கு வந்தவர்களில் இந்தப் பாடகரும் ஒருவர். முடிவில் தலைவர் மூன்றாவதாக வந்து தோற்றார். 12 நகரசபை ஸ்தானங்களும் ஒன்று பாக்கியில்லாமல் போயின. ஜெயித்தது கதவைத் தட்டின கை. அந்தக் கையைத் தயங்காமல் தூக்க வைப்பதில் பாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்றால் அதை நாம் மறுக்கவில்லை.

ஆகவே பாட்டு என்ன செய்யும் என்றால், நமக்குத் தோன்றுவது இதுதான். பாட்டு வேலை கொடுக்காது, சட்டம் செய்யாது, ஓட்டுப் போடாது. ஆனால் வீட்டு மூலையில் உட்கார்ந்துகொண்டு, இந்தக் கஷ்டம் நமக்கு மாத்திரந்தான், இது நம்முடைய குற்றந்தான் என்று குமைந்துகொண்டிருக்கிறவனிடத்தில் போய், “இல்லை, நானும் இருக்கிறேன்” என்று அவன் பேசுகிற பேச்சிலேயே சொல்லும். மனிதனை அடிமையாக வைத்திருப்பதில் பாதி வேலையைச் செய்வது, தான் தனியாக இருக்கிறோம் என்கிற பயந்தான். அந்தப் பயம் போனால் மீதி வேலையை அவனே பார்த்துக்கொள்ளுவான். இந்தக் காரியத்துக்கு இனிமையான குரல் வேண்டியதில்லை, பெரிய கச்சேரி வேண்டியதில்லை. விளங்குகிற பேச்சும், கொடுக்கக்கூடிய விலையும், பொய் சொல்லாத மனமும் இருந்தால் 16 நிமிஷமே போதும்.

இந்தத் தோழருடைய படத்தைச் சுவரில் மாட்டி யாரும் மாலை போட வேண்டாம். அவரே அதை ஒப்பமாட்டார். அவர் சொல்லுவதெல்லாம் சரி என்று நாமும் சொல்ல வரவில்லை. வாசகர்கள் ஒரு தடவை கேட்டுப் பார்க்கட்டும். வார்த்தை புரியாவிட்டால், இங்கிலீஷ் தெரிந்த ஒரு பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அர்த்தம் கேட்கட்டும். முக்கியமாக, தனியாகக் கேட்க வேண்டாம். நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு கேட்கட்டும். பாட்டு முடிந்த பிறகு அந்த நாலு பேரும் என்ன பேசிக்கொள்ளுகிறார்களோ, அதுதான் அந்த இசைத்தட்டின் எட்டாவது பாட்டு.